காதோரச் செம்மண்

ஆரணியில் பள்ளிகளுக்கான குஸ்திப் போட்டி என்றால் எந்த ஆட்டம் எப்போது என்று நேரம் குறிப்பவர் பத்மராஜ் வாத்தியார்தான். ஒரு பையன் ஒரே நாளில் ஐந்து ஆட்டத்துக்கு மேல் ஆடக்கூடாது. வெளியில் ஆடியதும் கணக்கில் சேரும். யாரோ ஏய்க்கிறார்கள் என்ற சந்தேகம் மட்டும் அவரை விட்டதேயில்லை.

அன்று அகிலன் மூன்று ஆட்டம் ஜெயித்திருந்தான்.

"பைனலை ஜல்தியா வெச்சிடுங்க சார்," என்று அவசரப்படுத்தினார் அவனுடைய பயிற்சியாளர் அன்பரசு.

பத்மராஜ் பையனின் காதைப் பார்த்தார். பின்னால் செம்மண் ஒட்டியிருந்தது. இங்கே விரித்திருப்பதோ ரப்பர் மெத்தை.

"காலையில எங்கடா குஸ்தி புடிச்சே?"

"குளிச்சிட்டுத்தான் சார் வந்தேன்."

"காதைத் தேய்க்கலியே!"

பையன் தலைகுனிந்தான். "போளூர் திருவிழாவுல ரெண்டு ஆட்டம் சார்."

பைனல் மறுநாளுக்குப் போனது.

"எல்லாரையும் சந்தேகப்பட்டுகினே இருங்க!" என்று கத்தினார் அன்பரசு. அகிலனோ, அப்பாடா என்று மெத்தையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நாளைக்கும் காதைப் பார்ப்பேன்," என்றார் பத்மராஜ்.