வாலோடு வாங்கிய திருக்கை

வௌவால் என்றால் எனக்குக் குலை நடுங்கும். மகள் பிள்ளை பெற்று, கோல சிலாங்கூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்த அன்றே வாசல் ஜம்புப் பழ மரத்தைச் சுற்றி வலை கட்டிவிட்டேன். பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்டதில் என்ன நோய் இருக்கிறதோ, யார் கண்டது? பேரன் துணியை அந்த மரத்தடியில் காயப்போட்டதற்கு அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

மூன்றாவது வாரம் அவளுக்குப் பால் போதவில்லை. பிள்ளை பெற்றவளுக்குத் திருக்கைப் புட்டு கொடுப்பது எங்கள் வழக்கம். காலையிலேயே படகுத்துறைக்குப் போனேன். மீன் விற்ற சீனர் வாலை வெட்டக் கத்தியை எடுத்தார். வெட்டுகிற சாக்கில் பழைய மீனை மாற்றிவிடுவாரோ என்று எனக்குச் சந்தேகம். அப்படியே கொடு என்று மலாயில் சண்டை பிடித்தேன். அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் காது கொடுக்கவில்லை.

பைக்குள் எட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் விரிந்த இறக்கை. வௌவாலேதான், தண்ணீரில் பறப்பது ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் சமையல் சட்டிக்கு வருகிற ஒன்றிடம் யாருக்குப் பயம் வரும்?

பையை அடுப்படித் தரையில் வைத்துவிட்டுத் தேங்காய் எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். "ஐயோ, அம்மா!" என்ற சத்தம். மகள் பையைத் தூக்கியிருக்கிறாள். வால் முள் பிளாஸ்டிக்கைக் கிழித்து உள்ளங்கையில் இறங்கிவிட்டது. செத்த மீனின் முள்ளிலும் விஷம் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கிளினிக்கில் தாதி அவள் கையைச் சுடுநீரில் அமுக்கிப் பிடித்தார். பேரன் என் மடியில் பாலுக்கு வீறிட்டான்.

"குடும்மா, பசிக்குது அவனுக்கு" என்று மகள் மறு கையை நீட்டினாள்.

"வேணாம்டி, விஷம் பால்ல இறங்கிட்டா?"

அவனை இறுக்கிக்கொண்டேன். என் கையாலேயே இருவரையும் கொன்றுவிட்டேனா? டாக்டர் முள்ளின் துண்டை எடுத்துவிட்டு, தாராளமாகப் பால் கொடுக்கலாம் என்று சொன்ன பிறகுதான் பிள்ளையை அவளிடம் கொடுத்தேன்.

அவன் குடிப்பதைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: "மரத்துல தொங்குறதுக்கு வலை கட்டுன. இத நீயே தூக்கிட்டு வந்து வீட்டுக்குள்ள வச்சியேம்மா."