மல்லாட்டை ஊரில் ஒரு ஜெர்மன் வாக்கியம்

செஞ்சியில் ராஜகிரி மலைக்குப் போகும் சாலையில் வெண்மதியின் மெஸ்ஸைத் தெரியாதவர்கள் குறைவு. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய அவளுக்கு இப்போது நாற்பத்தொரு வயது. அவள் வாயில் ஜெர்மன் மொழி குடியேறிய கதையைக் கேட்டால் மெய் சிலிர்க்கும்!

போன வருஷம் கோட்டை பார்க்க வந்த ஜெர்மன்காரி ஒருத்தி ஒவ்வொரு பாத்திரமாகக் கைகாட்டி என்னவோ கேட்டாள். வெண்மதிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. வந்தவள் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டாள். வாசல் தேடி வந்தவள் பசியோடு போவதா? வெண்மதிக்கு அது நெஞ்சை அறுத்தது. மறுநாளே கைப்பேசியில் பாடம் தேடிப் பிடித்தாள். வெங்காயம் உரிக்கும்போது காதில் ஜெர்மன். பழைய நோட்டில் தமிழ் எழுத்தில் ஜெர்மன். இதில் பால் இருக்கிறது, முட்டை இல்லை, உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளாது...

"இன்னாடி, அடுப்புகிட்டயும் ஜெர்மன் பேசறே? அதுக்குப் புரியுதா?" என்று சீண்டுவான் புருஷன் கலியபெருமாள்.

"உன்னைவிட நல்லாவே புரியுது. போய்யா!"

இந்தத் தை மாதம் கோட்டை வழிகாட்டி ஒருவர் போன் செய்தார். உல்ரிகே என்ற ஜெர்மன் தாயும் ஏழு வயது மகள் லேனியும் இரண்டு நாளில் வருகிறார்கள். குழந்தைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆகாது. ஒரு சொட்டு பட்டாலும் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடலாம்.

வெண்மதி ஆடிப்போனாள். ஊரைச் சுற்றி வேர்க்கடலைக் காடு. இங்கே சட்னி, பொடி, தாளிப்பு எல்லாமே மல்லாட்டைதான். ஆனாலும், "வரச் சொல்லுங்கண்ணே" என்றாள். புதுப் பானை, புது மிக்ஸி ஜார், தேங்காயெண்ணெய், புதுத் தோசைக்கல் என்று எல்லாம் தனியாக வாங்கினாள்.

இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். "கைனெ எர்ட்நுஸ்ஸெ" என்றாள் வெண்மதி. வேர்க்கடலை கிடையாது. அந்தத் தாய் அவளை அண்ணாந்து பார்த்தாள். தெய்வத்தைப் பார்க்கிற பார்வை! இத்தனை தூரம் வந்த பயணத்தில் அவள் பயத்துக்கு அவள் மொழியிலேயே பதில் கிடைத்தது இங்கேதான்.

தோசை முறுகலாக இலைக்கு வந்தது. கலியபெருமாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒட்டாம வருது பார்த்தியா? நேத்தே எண்ணெய் தடவிக் கல்லைப் பழக்கி வச்சிட்டேன்ல!"

"இன்னா எண்ணெயில?"

"இதென்ன கேள்வி? செக்குல ஆட்டின மல்லாட்டை எண்ணெய்தான். கல்லுக்குத்தானே தடவினேன், சாப்பாட்டுலயா ஊத்தினேன்?"

இந்த ஊரில் எல்லோரும் புதுக்கல்லை அப்படித்தான் பழக்குவார்கள். அந்த எண்ணெயை யாரும் சமையல் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெண்மதி சட்டென்று திரும்பினாள். குழந்தையின் விரலில் தோசைத் துண்டு உதட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"நிஷ்ட் எஸ்ஸென்! சாப்பிடாதே!"

வெண்மதி கத்திவிட்டாள். பாய்ந்து போய் இலையை வாரி எடுத்தாள். கல்லைக் காட்டி, "எர்ட்நுஸ்... மைன் ஃபேலர்" என்றாள். என் தவறு. ஆறு மாதம் பாடுபட்டுப் படித்த பாஷை, தன் குற்றத்தைத் தானே சொல்லிக்கொள்ளத்தானா உதவ வேண்டும்?

உல்ரிகே மகளின் கையையும் வாயையும் கழுவினாள். மூச்சு அடைத்தால் போடுகிற ஊசி மருந்தைப் பையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபடி, குழந்தையின் முகத்தையே பார்த்திருந்தாள். அரை மணி நேரம். அடுப்படியில் வெண்மதி கும்பிட்ட கை இறக்காமல் நின்றாள். லேனியின் மூச்சு சீராகவே இருந்தது. துண்டு உதட்டைத் தொடவே இல்லை.

எழுந்து போய்விடுவார்கள் என்றுதான் வெண்மதி நினைத்தாள். உல்ரிகே அடுப்படிக்குள் வந்தாள். அவள் நிறுத்தி நிறுத்திப் பேசியது வெண்மதிக்கு விளங்கியது. "எல்லோரும் 'இல்லை' என்றுதான் சொல்வார்கள். 'இருக்கிறது' என்று ஓடிவந்து சொன்னது நீ ஒருத்திதான். வேறு ஏதாவது சமைப்பாயா?"

வெண்மதிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. புதுப் பானையை உல்ரிகேயின் கண்ணெதிரே கழுவி உலை வைத்தாள். அரிசி, தண்ணீர், உப்பு என்று ஒவ்வொன்றையும் போடும்போதே ஜெர்மனில் சொன்னாள். குழைந்த சோற்றில் பாலை ஊற்றிப் பிசைந்து குழந்தையின் முன் வைத்தாள்.

லேனி ஒரு வாய் தின்றாள். இன்னொரு வாய். பிறகு கிண்ணத்தை நீட்டி ஏதோ சொன்னாள்.

கலியபெருமாள் மூலையிலிருந்து மெல்லக் கேட்டான். "இன்னா சொல்லுது பாப்பா?"

"இன்னும் வேணுமாம்" என்றாள் வெண்மதி.