ரப்பர் பால் பூசிய கால்

தெரணியகலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் இடுப்புச் சாரத்தில் புளித்த ரப்பர் பால் வாடை. என் வலது கணுக்கால் உடனே கூசியது.

ஆறு வயதில், உள்பக்கம் வளைந்திருந்த அந்தப் பாதத்தை ஒபரேஷன் செய்து நிமிர்த்தி மாவுக்கட்டுப் போட்டார்கள். நனைந்தால் கட்டு இளகி, கால் பழையபடி வளைந்துவிடும் என்று டொக்டர் எச்சரித்து அனுப்பினார். நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக் கூரையோ பத்து இடத்தில் ஒழுகும். தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற அப்பா, வாளியில் மிஞ்சிய பாலைத் தினமும் கட்டின் மேல் பூசினார். அந்த வாடைக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

கட்டுப் பிரிக்கும் நாளில் வெட்டும் மெஷின், காய்ந்து இறுகிய ரப்பரின் மேல் அதிர்ந்ததே தவிர இறங்கவில்லை. டொக்டர் சிங்களத்தில் கத்தினார். வேலையிலிருந்து நேரே வந்திருந்த அப்பா, பையிலிருந்த பால்வெட்டுக் கத்தியை எடுத்து, மரப்பட்டை சீவுகிற பக்குவத்தில் ரப்பரை மட்டும் கீறி உரித்தார். பிறகுதான் டொக்டரால் கட்டைத் திறக்க முடிந்தது.

எல்லாரும் என் நேரான பாதத்தைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் கட்டுக்குள் இருந்த பஞ்சைத் தடவிப் பார்த்து, "ஒரு சொட்டுத் தண்ணி கூட எறங்கலங்க" என்றார்.

"வாடை அடிக்குதுங்களா?" என்று பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர் கூச்சத்தோடு ஒதுங்கினார்.

"இல்லைங்க, நல்லா உக்காருங்க" என்று அவரை ஒட்டி உட்கார்ந்தேன்.