நாலு விரற்கடை ஓஸ்

கிண்ணியா மெக்கானிக் றிகாஸுக்கு வாயில் வராத சொல் ஒன்று இருந்தது. ‘தெரியாது’ என்பதுதான் அது. காரோ, படகு எஞ்சினோ, தண்ணீர் மோட்டரோ, எதைக் கொண்டுபோய் முன்னால் வைத்தாலும் மனிதர் தலையைச் சாய்த்து ஒரு தரம் கேட்பார், மூக்கால் ஓர் இழுவை இழுப்பார், உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது தடவை அது சரியாகவும் இருக்கும். அதுதான் அவரைக் கெடுத்தது. பத்தாவது தடவை பிழையானபோதும் ஊர் அவரைத்தான் நம்பியது.

அவர் தொழிலைத் தொடங்கியது படகு எஞ்சினில். சல்லியிலிருந்தும் மூதூரிலிருந்தும் எஞ்சின்கள் முச்சக்கர வண்டியில் படுத்துக்கொண்டு அவரிடம் வரும். பிறகு கத்தாரில் ஒரு கராஜில் மூன்று வருடம். திரும்பி வந்ததும் பாலத்தடியில் கடை திறந்து, ‘டர்போ ஸ்பெஷலிஸ்ட்’ என்று சிவப்பு எழுத்தில் போர்டு மாட்டினார். உண்மையைச் சொன்னால் கத்தாரில் அவர் கழற்றிப் பூட்டியது பிரேக்கும் ஒயிலும்தான். டர்போ வேலை நடந்தது பக்கத்துக் கொட்டிலில், எட்டிப் பார்த்ததோடு சரி. இது அவருடைய மனைவி சுஹைராவுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

அப்படிப்பட்ட கடைக்குத்தான் மஹ்ரூப் தன் நீல நிற சுபாருக் காரைக் கொண்டுவந்தார். டவுனில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். டர்போ கார் ஓட்டுவதில் பைத்தியம். டர்போவால் எஞ்சினுக்குள் காற்றை இன்னும் அமுக்கி, வேகத்தை இன்னும் கூட்ட வேண்டுமாம். காற்றுக் கூடினால் பெற்றோலும் கூட வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தி மிதிக்கும் நேரத்தில் எஞ்சின் பெற்றோல் காணாமல் திணறும், வெந்தே போகும். ஆகவே டாங்கிக்குள் இருக்கும் பழைய பம்பை எடுத்துவிட்டுப் பெரிய பம்ப் போட வேண்டும். “அது நமக்குச் சின்ன வேலை,” என்றார் றிகாஸ்.

சின்ன வேலைதான். பின்சீட்டைத் தூக்கி, மூடியின் எட்டு நட்டைக் கழற்றி, பம்பைத் தூக்கி வெளியே எடுத்தார். புதிய பம்பையும் மேலே உள்ள குழாயையும் ஒரு துண்டு ரப்பர் ஓஸ் இணைக்க வேண்டும். பெட்டியோடு வந்த துண்டை அவசரத்தில் குறைத்து வெட்டிவிட்டார். கொழும்பில் சொல்லி இன்னொன்று எடுக்க நாலு நாளாகும். மஹ்ரூப் வாசலில் சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறார். சுவரில் படகு எஞ்சினுக்குப் போடும் ஓஸ் சுருளாகத் தொங்கியது. இருபது வருடமாக ஒரு நாளும் கைவிடாத ஓஸ். அதில் நாலு விரற்கடை வெட்டினார், இரண்டு கிளிப் போட்டு இறுக்கினார், முடித்தார்.

படகில் பெற்றோல் அந்த ஓஸுக்குள்ளே ஓடும், வெளியே காற்று. இங்கேயோ அது உள்ளும் புறமும் பெற்றோலில் இரவு பகலாக ஊறிக் கிடக்க வேண்டும். அதற்கென்று செய்த ஓஸ் வேறு. கிளிப்பை இறுக்கும்போது அவருக்கும் மனதில் ஒரு உறுத்தல் இருந்ததுதான். கத்தாரில் கூட வேலை செய்த றஊப் இன்னும் அங்கேதான் இருக்கிறார்; போனில் கேட்டால் ஒரு நிமிடம். கேட்பதற்கு முதலில் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல வேண்டுமே! அதற்கு யார் தயார்?

ஒரு மாதம் கார் பறந்தது. பிறகு ஒரு பின்னேரம் மஹ்ரூப் முகம் வெளிறி வந்து இறங்கினார்.

“கந்தளாய் ரோட்டுல பஸ்ஸ ஓவர்டேக் பண்ணக்குள்ள கார் திணறி நிண்டிட்டு, றிகாஸ்! முன்னால லொறி. பொஞ்சாதியும் மகள் அம்றாவும் உள்ளுக்கு. ரோட்டோரக் கிறவல்ல இறக்கினதால தப்பினம்.”

றிகாஸ் பின்சீட்டைப் பார்த்தார். எட்டு நட்டுத்தான். கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். கடையில் அப்போது நாலைந்து பேர் நின்றார்கள். அவர் டாங்கி வாயில் விரலை வைத்து மணந்து பார்த்தார்.

“தண்ணி. பெற்றோல்ல தண்ணி கலந்திரிக்கி. எங்க அடிச்ச?”

மஹ்ரூப் டவுனில் ஒரு பெற்றோல் செட்டைச் சொன்னார். அங்கே அன்று பெற்றோல் அடித்துவிட்டது கஜீபன், சல்லி ஊர்ப் பையன்.

“அப்ப அங்க போய்க் கேளுங்க.”

தண்ணீரை மூக்கால் பிடிக்க ஏலாது. கண்ணாடிப் போத்தலில் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தால் தண்ணீர் அடியில் நிற்கும். இது படகுக்காரர் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். றிகாஸுக்குத் தெரியாதா? ஆனாலும் சொல்லிவிட்டார்.

மஹ்ரூப் நேரே செட்டுக்குப் போய்க் கஜீபனின் சட்டையைப் பிடித்தார். யாரோ வீடியோ எடுத்து இணையத்தில் போட்டார்கள். பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் கிடந்த காலத்துக் கோபம் சனத்துக்கு இன்னும் ஆறவில்லை. செட்டில் நின்றவன் எவன் என்றாலும் கள்ளன்தான் என்று கீழே கீழே எழுதித் தள்ளினார்கள். “மெக்கானிக் றிகாஸே சொல்லிட்டார்,” என்று மஹ்ரூப் கத்துவது வீடியோவில் துலக்கமாகக் கேட்கும். அடுத்த நாள் செட் முதலாளி கஜீபனை வரவேண்டாம் என்றுவிட்டார்.

டாங்கியை வடித்து வேறு செட்டில் பெற்றோல் அடித்தும் கார் திணறியது. மறுபடி வந்தது. இந்தத் தடவை றிகாஸ் மஹ்ரூப்பைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு, தனியாகப் பின்சீட்டைத் தூக்கினார். ஓஸ் ஊறிப் பொருமி, அழுகிய வாழைப்பழம்போலக் கையில் வழுக்கியது. பக்கவாட்டில் நீளமாக ஒரு வெடிப்பு. அழுத்தம் ஏறும்போது பெற்றோல் எஞ்சினுக்குப் போகாமல் டாங்கிக்குள்ளேயே திரும்பிக் கொட்டியிருக்கிறது. காரை நாலு நாள் கடையில் நிறுத்திவைத்தார். கொழும்பிலிருந்து சரியான ஓஸ் வந்தது, போட்டார். “அடியில பழைய தண்ணி கொஞ்சம் நிண்டிரிக்கி, அதான்,” என்று மஹ்ரூப்பிடம் சொன்னார். சீச்சீ! முதல் தடவையாவது தெரியாமல் சொன்னது. இது தெரிந்தே சொன்னது.

வெடித்த துண்டை எறிய மனம் வரவில்லை. மேல் தட்டில் வைத்தார். வெயிலில் காய்ந்து அது பழைய பருமனுக்குச் சுருங்கிவிட்டது. வெடிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டு கிழமை கழித்துக் கஜீபனே கடைக்கு வந்தான், முச்சக்கர வண்டியில் தகப்பனின் படகு எஞ்சினோடு. றிகாஸை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவான்.

“நானா, இது விட்டு விட்டு அடிக்குது, ஒருக்காப் பாருங்கோ. இப்ப நானும் அப்பாவோட கடலுக்குத்தான் போறன்.” பிறகு பையிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்தான். “இதையும் பாருங்கோ. அண்டைக்கு அடிச்ச அதே பெற்றோல். அவர் வந்து கத்தின உடனேயே செட் பம்பில இருந்து பிடிச்சு வைச்சனான். அடியில ஒரு சொட்டுத் தண்ணி நிக்குதா?”

றிகாஸ் போத்தலை வெளிச்சத்தில் சாய்த்தார். பளிங்குபோல இருந்தது.

“நீங்கள் மணந்து பாத்துச் சொன்னது எண்டு அவர் சொன்னார். பிழை விடுறது ஆருக்கும் நடக்கும், நானா. நான் அதைக் கதைக்க வரேல்ல. முதலாளி என்ர போத்தலைப் பாக்கவே மாட்டன் எண்டுறார். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் கேப்பார். தங்கச்சி பள்ளிக்கூடம் போகாமல் நிக்கிறாள். தண்ணிக் கள்ளன்ர தங்கச்சி எண்டு கூப்பிடுதுகளாம்.”

அவன் தலைக்கு நேரே மேல் தட்டில் அந்த நாலு விரற்கடை ஓஸ் கிடந்தது. கை நீட்டினால் எட்டும்.

“பாப்பம் தம்பி,” என்றார் றிகாஸ். “எஞ்சின விட்டிட்டுப் போ. பாப்பம்.”

அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. சுஹைரா என்னவென்று கேட்க, ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் கறிச்சட்டியை மூடியபடி, “அந்தப் புள்ள வந்து நிக்கக்குள்ள என்ன சொன்ன நீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“பாப்பம் எண்டு சொன்ன.”

“எத்தின நாளைக்கிப் பாப்பீங்க?”

ஒன்பது நாள் பார்த்தார். ஒரு நாள் மழை, ஒரு நாள் ஜும்ஆத் தொழுகை, ஒரு நாள் வேலை. சாட்டுக்கா பஞ்சம்! படகு எஞ்சின் இரண்டாம் நாளே சரியாகிவிட்டது. கொண்டுபோய்க் கொடுக்கத்தான் கால் வரவில்லை. பத்தாம் நாள் காலையில் எஞ்சினை வண்டியில் ஏற்றி, ஓஸ் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சல்லிக்குப் போனார்.

கஜீபன் கரையில் வலை தட்டிக்கொண்டிருந்தான். “அட, நானா! நீங்களே கொண்டு வந்திட்டீங்கள்,” என்று சிரித்துக்கொண்டு எழுந்து வந்தான். அந்தச் சிரிப்பைத்தான் றிகாஸால் தாங்க முடியவில்லை. துண்டை எடுத்து அவன் கையில் வைத்தார்.

“பெற்றோல்ல தண்ணி இல்ல, தம்பி. இதுதான் வெடிச்ச. படகு ஓஸ டாங்கிக்குள்ள போட்டது நான்.”

கஜீபன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. துண்டை அவரிடமே நீட்டி, வீடியோ எடுக்கப் போனைப் பிடித்தான்.

“இதைப் பிடிச்சுக்கொண்டு சொல்லுங்கோ.”

வலை தட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்தினார்கள். றிகாஸ் துண்டைத் திரும்ப வாங்கிப் பிடித்தார். “வேலையில ஒரு சின்னப் பிழை நடந்திட்டு...”

“சின்னப் பிழையா? ஆர் விட்டது?”

“நான்.”

“முதல்ல இருந்து சொல்லுங்கோ.”

முதலிலிருந்து சொன்னார். தன் பெயரைச் சொன்னார், கடையைச் சொன்னார், மணந்து பார்த்துப் பொய் சொன்னதைச் சொன்னார், மஹ்ரூப்பிடம் இரண்டாம் தரமும் பொய் சொன்னதைச் சொன்னார். இதைத் தன் பிள்ளைகளும் பார்ப்பார்கள் என்ற நினைப்பு நடுவில் வந்தது. கஜீபன் போனை அணைத்துச் சாரத்து மடியில் செருகினான்.

“ஒண்டு கேக்கிறன். நான் போத்தலோட வந்து நிண்டனான். அப்பவே இது உங்களுக்குத் தெரியுமா?”

வாழ்நாள் முழுக்க வாயில் வராத அந்தச் சொல் இப்போது நாக்கு நுனியில் வந்து நின்றது. ‘தெரியாது’. ஒரே சொல். அதைச் சொன்னால் இவன் நம்புவான். நானா நானா என்று இருப்பான். அவர் கடலைப் பார்த்தார், பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

“தெரியும்.”

கஜீபன் வண்டியடிக்குப் போனான். எஞ்சினைத் தனியாகவே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படகடிக்குப் போய்விட்டான்.

வீடியோ ஊரெல்லாம் போனது. மஹ்ரூப் வந்து வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனார். செட்டுக்குப் போய்க் கஜீபனிடம் மன்னிப்பும் கேட்டாராம். முதலாளி அவனைத் திரும்ப எடுத்துவிட்டார். தங்கச்சி பள்ளிக்கூடம் போகிறாள். றிகாஸின் கடையில் போர்டு இறங்கிவிட்டது. தெரியாத வேலை வந்தால் இப்போது றஊப்புக்குப் போன் போடுகிறார்.

டவுனுக்குப் போகும்போதெல்லாம் அவர் அந்த செட்டில்தான் பெற்றோல் அடிப்பார். வேறு செட்டுக்குப் போகலாம், போகமாட்டார். கஜீபன் மூடியைத் திறந்து, ஒரு சொட்டும் சிந்தாமல், மரியாதையாகத்தான் அடிப்பான். எந்த மெக்கானிக்கையும் ஊரில் கூப்பிடுகிற மாதிரித்தான் அவரையும் கூப்பிடுவான்.

“ஃபுல் டாங்கியா, பாஸ்?”