குச்சி முதலா, சுழி முதலா

சுழி டீச்சருக்கு அந்தப் பெயரை வைத்தது பிள்ளைகள். மழலை வகுப்பில் 'அ' எழுதப் பழக்குவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. இதை அவளே சொல்வாள். பிள்ளையின் பின்னால் குனிந்து, அதன் கைமேல் தன் கையை வைத்து, "சுழி, தொப்பை, படு, எழுந்து நில்லு" என்று பாட்டுப்போலச் சொல்லி எழுத வைப்பாள்.

பெற்ற மகளுக்கும் தன் கையாலேயே அந்தச் சுழியைப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று எத்தனை ஆசை வைத்திருந்தாள்! பள்ளிக்கூடத்துச் சட்டம் குறுக்கே வந்து விழுந்தது. டீச்சர் பிள்ளை டீச்சர் வகுப்பில் உட்காரக் கூடாதாம். மகள் பக்கத்து அறைக்குப் போனாள். அங்கே இருந்தது புதிதாக வந்த டீச்சர், சின்னப் பெண்.

ஒரு சாயங்காலம் மகள் சிலேட்டில் கடைசியில் வரவேண்டிய நேர்கோட்டை, அந்தக் குச்சியை, முதலில் நிறுத்தினாள். அப்புறம் இடது பக்கம் தள்ளிப்போய்ச் சுழியைப் போட்டு, தொப்பையை இறக்கி, கோட்டை இழுத்து வந்து குச்சியில் முட்டி நிறுத்தினாள். எழுத்து அழகாகத்தான் இருந்தது. அதுதான் தாய்க்குப் பொறுக்கவில்லை.

"யாருடி உனக்கு இப்படித் தலைகீழா சொல்லிக் குடுத்தது?"

"எங்க டீச்சர். குச்சி நின்னா கோடு ஓடிப்போகாதாம்."

"எங்க டீச்சராம், எங்க டீச்சர்! வீட்டக் கட்டுறதுக்கு முன்னாடி வாசக்கால நிறுத்துவாங்களா?"

கொத்துவேலை முடித்து வந்து கை கழுவிக்கொண்டிருந்த புருஷன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நிறுத்துவோமே. அத நட்டுட்டுத்தான் சுவர எழுப்புவோம்."

"உங்கள யாரு கேட்டா?"

அன்றிலிருந்து தினமும் மகளின் கையைப் பிடித்து சுழியிலிருந்து எழுத வைத்தாள். பக்கத்து அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டால் இவள் விரலுக்குள் சாக்பீஸ் முறியும். தன் வகுப்புப் பிள்ளைகளின் கோடு தாளைத் தாண்டி மேசைக்கு ஓடுவது இத்தனை வருடம் கண்ணில் படாதது, இப்போது பட்டது. அதையும் அந்தச் சின்னப் பெண் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள்.

பெற்றோர் வந்து பார்க்கும் நாள். பக்கத்து அறையில் மற்றப் பெற்றோரோடு சுழி டீச்சரும் போய் நின்றாள். பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் 'அ' எழுதின. மகளின் முறை வந்தது. சாக்பீஸைத் தூக்கியது குழந்தை, தூக்கியபடியே நின்றது. அம்மாவைப் பார்த்தது, டீச்சரைப் பார்த்தது. கீழ் உதடு துடித்தது.

"உனக்கு எப்படி வருதோ அப்படி எழுதுடா தங்கம்," என்றாள் சின்ன டீச்சர். குழந்தை அசையவில்லை. அம்மா முகத்தையே பார்த்தது.

"டீச்சர் பொண்ணுக்கே வரலியே," என்று பின்வரிசையில் யாரோ ஒருத்தி முணுமுணுத்தாள்.

பொய் சொல்வானேன், பேசாமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு கணம் சுழி டீச்சருக்குத் தோன்றியது. தோற்றது அந்தச் சின்ன டீச்சரின் பாடம் என்றுதானே ஆகும். ஆனால் குழந்தையின் கண் நிரம்பிவிட்டது.

"குச்சிய நிறுத்துடி," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

குச்சி நின்றது. சுழி வந்தது, தொப்பை வந்தது, கோடு வந்து முட்டியது. கைதட்டல் எழுந்ததும் குழந்தை ஓடிப்போய்ச் சின்ன டீச்சரின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள் பெற்றவள்.

வாசலில் சின்ன டீச்சர் பக்கத்தில் வந்தாள். "நீங்க சொல்லலேன்னா எழுதியிருக்க மாட்டா, அக்கா. ரொம்ப நன்றி."

"என் பொண்ணு அழுறதுக்காகச் சொன்னேன். உனக்காக ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு, மகளின் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.