மலை சுமந்த தோள்

இந்த ஊரில் மலையைச் சுமக்கிறார்கள். கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பிரான்சு தேசத்தில், திராட்சை ரசத்துக்குப் பேர்போன ஷாம்பாஞ் சீமையில், ஒரு வெள்ளைமண் குன்றின் அடியில் இருக்கிறது நான் பிழைக்க வந்த ஊர். மழையில் சரிவிலிருந்து வழிந்து இறங்கிய மண்ணைக் குளிர்காலத்தில் கூடை கூடையாக அள்ளி, திரும்ப உச்சிக்கே கொண்டுபோய்க் கொடிகளின் வேரில் கொட்ட வேண்டும். நம் ஏலகிரியில் மண் வழிந்தால் அடிவாரத்து விவசாயிக்குக் கொண்டாட்டம். இங்கே ஒவ்வொரு சரிவுக்கும் பாட்டன் வைத்த பெயர் உண்டு. அந்தப் பெயரில்தான் ரசம் விலைபோகிறது. ஒரு கூடை மண்ணைக்கூட அடுத்த சரிவுக்காரனுக்கு விட்டுத்தர மனம் வராது.

பெரிய யுத்தத்தில் ஊர் வாலிபர்கள் பலர் மடிந்துபோனதால்தான் எங்களைக் கூலிக்குக் கூப்பிட்டார்கள். நானும் காதர் பாயும் ஆம்பூரில் ஈரத்தோல் சுமந்தவர்கள். தோல் ஏற்றிய கப்பலோடு மார்சேல் துறைமுகம் வந்து, அங்கிருந்து ரயிலேறினோம். பாய் ரசத்தைத் தொடமாட்டார். "நீ குடிக்கிறே, நான் குடிக்கல. இடுப்பு மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வலிக்குதே, இது இன்னா நியாயம்?" என்பார்.

தை மாதம் இங்கே புனித வின்சென்ட் திருவிழா. கொடிகளுக்குக் காவல் அவர். நாலு பேர் தோளில் ஏறித் தோட்டங்களைச் சுற்றி வருவார். நானும் கத்தோலிக்கன்தான். ஆனால் எங்கள் ஊரில் மாதா கோயில் சப்பரம் எங்கள் தெருமுனையோடு திரும்பிவிடும், தோல் நாற்றமாம். அங்கே தொட விடாத சப்பரத் தண்டை இங்கே தூக்கியே தீருவது என்று முடிவு கட்டினேன்.

தோட்டக்காரர் சங்கத்தின் தலைவர் காஸ்தோன் கிழவரிடம் போய்க் கேட்டேன். கூலி கேட்கிறேன் என்று நினைத்து, "அதுக்குக் காசு கிடையாது" என்றார். காசு வேண்டாம், தோள் கொடுக்கிறேன் என்று என் ஓட்டைப் பிரெஞ்சில் விளக்கியதும் முகம் மாறியது. "அது இந்த ஊரில் பிறந்தவர்கள் தூக்குவது." எனக்குச் சுர்ரென்று ஏறியது. இதையும் எத்தனை ஊரில் கேட்பது?

"இன்னாத்துக்குப்பா பேஜாரு? வேலைய வுட்டு நிறுத்திட்டான்னா எங்க போவே?" என்றார் பாய்.

"நிறுத்தட்டும் பாய். இவங்க மலையையே தூக்குற தோளு, சிலைக்கு ஆவாதா?"

திருவிழாவன்று எல்லோருக்கும் முன்னால் போய், பின்பக்கத்து இடது தண்டின் அடியில் நின்றுகொண்டேன். அது காஸ்தோன் கிழவரே வழக்கமாகத் தூக்கும் இடம். வந்தவர், "விலகு" என்றார். நான் அசையவில்லை. "இந்தக் குன்றை வருஷா வருஷம் மேலே ஏத்துறது யாரு? நாங்க இல்லேன்னா இது உங்க கையில நிக்குமா?" என்று கேட்டேன். எந்த அளவுக்குப் புரிந்ததோ தெரியாது. மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோயில் மணி அடித்துவிட்டது. தூக்கினோம்.

நான் அவர்களைவிடக் குட்டை. புனிதர் என் பக்கமாகச் சாய்ந்தார். கூடவே நடந்துவந்த கிழவர், கோட்டின்மேல் என் வலது தோளில் கிடந்த துண்டைக் காட்டி, எடுத்து மடித்துத் தண்டின் அடியில் வை என்று சைகை செய்தார். நியாயமான யோசனைதான். ஆனால் ஆம்பூரில் பெரிய மனிதர்கள் எதிரே வந்தால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். என் அப்பா சாகும்வரை கட்டினார். நான் எடுக்கவில்லை.

"சாய்கிறாரே!" என்று பதறினார் கிழவர்.

"சாயட்டும்" என்றேன், தமிழில். வேலை போனால் போகட்டும். ஒரு தோளில் அவர்கள் புனிதர், மறு தோளில் என் ஆம்பூர்த் துண்டு. இரண்டையும் இறக்காமல் குன்றேறினேன்.