வாவியைச் சுற்றி ஒரு மணி நேரம்

என் ஓரகத்தி முதல் நாள் நடக்க வந்து நின்ற கோலம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மகளின் வெள்ளைக் கென்வஸ் சப்பாத்து, கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிய நைலெக்ஸ் சேலை, மழையே இல்லாத விடியற்காலையில் கையில் ஒரு குடை. அண்ணன் தம்பி இருவரின் குடும்பமும் ஒன்றாக இருந்த எங்கள் வீடு அம்பிட்டிய வீதி மேட்டில் இருந்தது. படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டு, "என்னா டீச்சரம்மா, பெல்லு அடிச்சாத்தான் வருவீங்களா?" என்று குரல் கொடுத்தார். நானோ சப்பாத்துக்குள் காலை நுழைக்கக் குனிந்ததற்கே மூச்சு வாங்கி, கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

உண்மையில் நடக்க வேண்டியவள் நான்தான். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் வெட்கக்கேடு, மைதானத்து மர நிழலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, விசில் ஊதியே பத்து வருஷம் உடற்கல்வி நடத்தியவள் நான். அந்த வருஷம் இரத்தத்தில் சீனி ஏறிவிட்டது. டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், சுற்றி வளைத்துப் பேசமாட்டார். "மூண்டு மாசம் தாறன். ஒவ்வொரு நாளும் நடவுங்கோ, சீனியை விடுங்கோ. இறங்கேல்லையெண்டா ஊசிதான்" என்றார். என் அம்மாவுக்கும் ஊசியில்தான் தொடங்கியது. ஒரு காலை எடுத்ததில் போய் முடிந்தது. வீட்டுக்கு வந்து குசினியில் நின்று அழுதேன். என் ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா வெங்காயம் நறுக்கிய கையை நிறுத்தாமல், "அழுதா சீனி எறங்குமா? காலையில நானும் வர்றேன், போவோம்" என்றார்.

சொல்வது லேசு. எட்டுப் பேர் இருக்கும் வீடு. ஆறரை மணிக்குள் நான்கு பிள்ளைகளுக்குச் சோற்றுப் பார்சல் கட்ட வேண்டும். பிலிமத்தலாவையில் டயர்க் கடை வைத்திருந்த அண்ணனுக்கும் தம்பிக்கும் காலைச் சாப்பாடு ஆக வேண்டும். அந்த நேரத்தில் வீட்டின் இரண்டு பெண்களும் சேர்ந்து வெளியே போனது அதுவரை கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும்தான். "அப்ப சம்பல யாரு இடிக்கிறது?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். "கை இருக்கிறவங்க" என்றார் அக்கா. அக்காவின் வீட்டுக்காரர் பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். கடைசியில் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, "சரி சரி, டொக்டர் சொன்ன மூணு மாசந்தானே" என்று உத்தரவு கிடைத்தது. முதல் வாரத் தேங்காய்ச் சம்பலில் உப்பு இருந்த நாளில் மிளகாய் இல்லை. இரண்டும் இருந்த நாளில் சிரட்டைத் துண்டும் இருந்தது. பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனார்கள்.

அக்கா ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணம் முடிக்கும் வரை கொழுந்து பறித்தவர். மட்டமான ரோட்டிலும் கூடை தொங்குவதுபோலத் தலையை முன்னே சாய்த்துத்தான் நடப்பார். வெறுங்கையாக நடந்தால், "கை ரெண்டும் என்னத்தையோ தேடுது" என்பார். குடை அதற்கும் உதவியது, கண்டி வாவிக்கரை மரங்களில் அடையும் பறவைகளின் எச்சத்துக்கும் உதவியது. புத்தரின் பல்லை வைத்திருக்கும் மாளிகையில் காலை மேளம் கேட்கும்போது நாங்கள் வாவிக்கு இறங்கியிருப்போம். முதல் நாள் ஒரு சுற்று முடிப்பதற்குள் நான் நான்கு இடத்தில் மதில்மேல் உட்கார்ந்தேன். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு முன்னால் போய், என்னைப் பார்க்கத் திரும்பி வந்து, மறுபடியும் முன்னால் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்தவள் என்ற திமிர்தான், வேறொன்றுமில்லை. ஆனால் அந்த எரிச்சல்தான் என்னை எழுப்பி நடக்க வைத்தது.

சுற்றி முடித்ததும் சந்தைப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. டொக்டர் சொன்னதை நான் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். கோப்பைக்குள் ஒரு மணி சீனி விழவில்லை, பாலும் இல்லாத வெறும் சாயத்தண்ணிதான். ஆனால் எங்கள் பக்கத்தில் வெறும் சாயத்தண்ணியை யாரும் வெறுமனே குடிப்பதில்லை. உள்ளங்கையில் ஒரு கித்துள் கருப்பட்டித் துண்டை வைத்துக்கொண்டு, அதில் ஒரு கடி, கோப்பையில் ஒரு மிடறு. கடைக்காரர் கேட்காமலே ஒரு சின்னத் தட்டில் வைத்துவிடுவார். நடந்த களைப்புக்கு ஒன்று, நடந்துவிட்டோமே என்ற சந்தோஷத்துக்கு இன்னொன்று. அதுவும் சீனிதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்துணவுப் பாடத்தைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவளுக்குத் தோன்றவில்லை!

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் சீனி இன்னும் ஏறியிருந்தது. ஒரு பக்கம் காலில்லாமல் தொங்கிய அம்மாவின் சேலைக் கரை கண்முன்னே வந்தது. "தேத்தண்ணிக்குச் சீனி போடுறனீங்களோ?" என்று கேட்டார் டொக்டர். "சத்தியமா ஒரு கரண்டிகூட இல்லை டொக்டர்" என்றேன். பக்கத்துக் கதிரையில் இருந்த அக்கா என்னைக் காப்பாற்றும் எண்ணத்தோடு முன்னால் நகர்ந்தார். "ஆமாங்க ஐயா, டீச்சரு பொய் சொல்லமாட்டாங்க. வெறும் சாயத்தண்ணிதான். கையில இருக்கிற கருப்பட்டியக் கடிச்சுக்கிட்டு அப்படியே குடிச்சிருவாங்க." டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "எத்தினை துண்டு?" "ரெண்டுங்க. மழ நாள்னா மூணு." சிரிப்பை அடக்க அவர் சிறிது நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்கள் என்ன பாடம் படிப்பிக்கிறனீங்கள்?" என்று கேட்டார். "சமயம்" என்றேன் நான்.

மறுநாள் கடைக்காரர் தட்டை வைத்தபோது அக்கா அதை அப்படியே திருப்பிக் கொடுத்தார். தனக்கும் வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதங்களை நினைத்தால் இப்போதும் உடம்பு துள்ளுகிறது. நான்கு இடத்தில் உட்கார்ந்தவள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன், பிறகு ஒரே இடத்தில். பனி மூடி எதிர்க்கரை தெரியாத ஒரு காலையில், எங்கும் உட்காராமல் மாளிகைக்கு முன்னால் வந்து சேர்ந்தேன். "அக்கா, நான் உட்காரவே இல்ல!" என்று நடுரோட்டில் கத்தினேன். தினமும் எதிரே நடந்துவரும் சிங்களப் பெரியவர் ஒருவர் நின்று கை தட்டினார். அந்த வாரம் பாடசாலையில் பிள்ளைகளின் கயிற்றை வாங்கி, எல்லோரும் பார்க்க முப்பது தடவை துள்ளிக் காட்டினேன். பிள்ளைகள் போட்ட கூச்சலில் அதிபர் வெளியே வந்துவிட்டார். வீட்டிலும் என்னவோ மாறியிருந்தது. என் வீட்டுக்காரர் சம்பலுக்குத் தேசிக்காய் எவ்வளவு பிழிய வேண்டும் என்று எனக்கே பாடம் எடுக்கத் தொடங்கினார்.

மூன்றாம் மாதம் டொக்டர் ரிப்போட்டை இரண்டு தரம் பார்த்தார். "ஓம், நல்லா இறங்கியிருக்கு. ஊசி வேண்டாம்" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பஸ் எடுக்க மனமில்லாமல் அம்பிட்டிய மேட்டை நடந்தே ஏறினோம். வழியெல்லாம் நான்தான் பேசினேன். அக்கா ஒரு வளைவில் நின்று, ரோட்டைப் பார்த்தபடி, "அப்ப நாளையில இருந்து நீ வரமாட்ட, என்னா தங்கச்சி?" என்று கேட்டார். டீச்சரம்மா என்ற கேலி அதில் இல்லை. "மூணு மாசம் முடிஞ்சிருச்சே. தோட்டத்த விட்டு வந்த நாள்ல இருந்து சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்குன்னு ஏதாச்சும் ஒரு வேலைக்காகத்தான் வாசலத் தாண்டியிருக்கேன். சும்மா, நடக்கிறதுக்குன்னே நடந்தது இந்த மூணு மாசந்தான்."

அக்கா எனக்காகத் தன் நேரத்தை விட்டுக்கொடுக்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன். நான் என் காலுக்குப் பயந்த நாட்களில் அவர் இந்த ஒரு மணி நேரம் போய்விடுமே என்று பயந்திருக்கிறார். என் சீனி இறங்க இறங்க அவருடைய காலைகள் முடிந்துகொண்டே வந்திருக்கின்றன. தெரிந்தும் அந்தக் கருப்பட்டித் தட்டைத் திருப்பிக் கொடுத்தவர் அவர்தான்.

வீட்டில் அண்ணனும் தம்பியும் காத்திருந்தார்கள். "எறங்கிருச்சு" என்றதும் என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. "அப்பாடா! அப்ப நாளையில இருந்து..." அவரை முடிக்கவிடவில்லை நான். "நாளையில இருந்தும் நடக்கணுமாம். சாகிற வரைக்கும் நடக்கணுமாம். துணையில்லாம நடந்தா பிரயோசனம் இல்லையாம், அக்காவும் கட்டாயம் வரணும்னு டொக்டர் சொல்லிட்டாரு" என்றேன். டொக்டர் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சுக் கிடையாது. அக்கா சட்டென்று குசினிக்குள் போனார். எட்டிப் பார்த்தேன். முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றார். சிரிப்பா அழுகையா என்று நான் கேட்கவில்லை.

இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஒரு நாள் தவறாமல் இருவரும் போய் வருகிறோம். அந்த டொக்டர் எப்போதோ வெளிநாட்டுக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் இன்னும் யாருக்கும் அது தெரியாது.